பால் பொங்கிய இடத்தில் ஒரு நிறுத்தம்

புதிதாக இலக்கிய மன்றப் பொறுப்பை ஏற்றிருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். பிள்ளை பரிசு வாங்கினால் அது பிள்ளையின் திறமை. வாங்காமல் வந்தால் தமிழ் டீச்சர் சரியாகப் பழக்கவில்லை. நான் வேலையில் சேர்ந்த நாளில் இருந்த சட்டம் இது. ஓய்வு பெற்று வெளியே வந்தபோதும் அப்படியே இருந்தது. இடையில் பாடத்திட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது.

கவிதையை வாய்விட்டு வாசிக்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். உச்சரிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. லகரமும் ளகரமும் ழகரமும் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டீர்கள். வந்திருப்பீர்கள், அது வேறு கதை. நான் சொல்ல நினைப்பது வேறு. மேடையில் பிள்ளை நிற்கிறாள், உங்களால் அவளைத் தொட முடியாது, கூப்பிட முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதைப் பற்றி.

எங்கள் பள்ளி மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரம். கவிதை ஒத்திகைக்கென்று தனி அறையெல்லாம் யாரும் தரவில்லை. சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு, காலியான சைக்கிள் ஷெட்தான் எங்கள் அரங்கம். தகரக் கூரை. ஒரு பக்கம் தெருவின் ஹாரன் சத்தம், இன்னொரு பக்கம் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் தேய்க்கும் சத்தம். இந்த இரண்டையும் தாண்டி ஒரு பெண்ணின் குரல் என்னை வந்து அடைந்துவிட்டால் எந்த மேடைக்கும் அவளை அனுப்பலாம். இப்போது நான் அடையாற்றில் மகன் வீட்டில் இருக்கிறேன். சாயங்காலமானால் காது தானாக அந்த ஷெட்டைத் தேடுகிறது. பால்கனியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது.

கைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்தே நம் பிள்ளைகளுக்குக் கையை ஆட்டச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். வானம் என்றால் கை மேலே போகும். நெஞ்சம் என்றால் மார்பில் ஒரு தட்டு. கடல் வந்தால் கேட்கவே வேண்டாம், இரண்டு கையும் மெரினாவுக்கே போய்விடும். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றே ஒன்று. தண்ணீர் பாட்டிலை வாய்வரை நிரப்பி, மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கவிதை சொல்லச் சொல்வேன். முதல் நாள் பாவாடையெல்லாம் நனையும். ஒரு வாரத்தில் கை அடங்கிவிடும், அதுவரை கையில் இருந்ததெல்லாம் குரலுக்கு வந்து சேரும்.

இன்னொன்று, எடுத்துக் கொடுப்பது. பிள்ளை மேடையில் நின்றுவிட்டால் அடுத்த சொல்லைக் கிசுகிசுக்க நம் நாக்கு துடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னோடு ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். ஒத்திகையில் கடைசியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம். ஒரு நாள் நான் அவசரப்பட்டு ஒரு பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தபோது கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "பிள்ளை நின்னா நீ பேசாதே. அவ எங்க போயிருக்கான்னு முதல்ல பாரு." அப்போது எனக்கு அது ஏதோ பெரிய மனுஷித்தனமான பேச்சாகத்தான் பட்டது. அதன் அர்த்தம் புரிய நான் ஓய்வு பெறும் வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எனக்குப் புரிய வைத்தவள் மோனிஷா.

மோனிஷா பதினொன்றாம் வகுப்பு. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பறக்கும் ரயிலில் வருவாள். வீட்டில் அம்மாவும் இவளும்தான். அம்மாவுக்குத் தி. நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவும் கிளம்புவார், திரும்பும்போது ஊரே அடங்கியிருக்கும். பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா என்று எதற்கும் அவர் வந்ததில்லை. வரக்கூடாது என்பதல்ல. கூட்டமெல்லாம் சனிக்கிழமை வரும், சனிக்கிழமைதான் துணிக்கடைக்குத் திருவிழா. மோனிஷா மேடையேறி எத்தனையோ முறை கைதட்டல் வாங்கியிருக்கிறாள். அதில் ஒன்றைக்கூட அவள் அம்மா கேட்டதில்லை.

அந்த ஆண்டு, பள்ளிகளுக்கிடையிலான கவிதை வாசிப்புப் போட்டி ஒன்று வந்தது. நடத்தியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கவிதை. அவர்களில் ஒருவரே எழுதிய புதுக்கவிதையைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுவார்கள். யார் வாசிப்பு எப்படி என்று அப்போதுதான் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. அந்த முறை வந்த கவிதை, வேலைக்குப் போன அம்மா ஒருத்தி வீட்டில் தனியாக இருக்கும் மகளுக்குப் போனில் சொல்வது போல இருந்தது. நடுவில் இப்படி வரும்:

"கதவைத் தாழிடு, ஜன்னலைச் சாத்து,
சோறு ஆறினால் ஆறட்டும்.
விளக்கை மட்டும் அணைக்காதே கண்ணே,
நான் வரும் வழி நீளம்.
வந்துவிடுவேன்."

இதைப் படித்ததும் எனக்கு வேறு யாருடைய பெயரும் தோன்றவில்லை. மோனிஷாவைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ், இத நான் சொல்றேன். ஆனா எங்க அம்மா வந்து கேக்கணும். பிரைஸ்லாம் வராட்டிப் போவுது."

"அம்மாவுக்கு லீவு கிடைக்குமா?"

"ஆடி மாசம் மிஸ். லீவுன்னு வாயத் தொறந்தாலே திட்டுவாங்க. ஆனா கேக்கச் சொல்லிட்டேன்."

ஆடி மாதம் தி. நகரில் துணிக்கடைக்காரர்களுக்குத் தள்ளுபடிக் காலம். நமக்குத்தான் அது தள்ளுபடி, அங்கே நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கால் வீக்கம். ஆனாலும் அவள் அம்மா யாரிடமோ கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிவிட்டார். அதைச் சொல்ல வந்த அன்று மோனிஷாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். போட்டியிலேயே ஜெயித்துவிட்டவள் மாதிரி ஷெட்டுக்குள் வந்தாள்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கண்ணில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. சில நாள் பள்ளிக்கு வர முடியவில்லை. அதனால் கவிதையை வீட்டிலிருந்தே வாசித்து வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினேன். இப்போது நீங்கள் எல்லோரும் செய்வதுதான். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

திரும்பிப் பள்ளிக்கு வந்த முதல் நாள் ஒத்திகை. நான் வழக்கம்போல ஷெட்டின் கடைசியில் உட்கார்ந்தேன். என்னோடு வேலை பார்த்த விஜயாவும் வந்திருந்தாள். விஜயா மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, மாட வீதியைத் தாண்டாமலேயே கல்யாணமும் செய்துகொண்டவள். எனக்கு உயிர்த் தோழி. ஆனால் கையை ஆட்டும் கட்சி. அதனால் எங்களுக்குள் தீராத சண்டை.

மோனிஷா பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். அருமையாகப் போனது. "நான் வரும் வழி நீளம்" என்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரி, மறந்துவிட்டாள் என்று, மூத்தவர் சொன்னதெல்லாம் காற்றில் பறக்க, "வந்துவிடுவேன்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மிஸ் நீங்க! எனக்குத் தெரியும். நீங்கதான அந்த எடத்துல நிறுத்தியிருந்தீங்க? நான் அப்டியே கத்துகினேன்."

"நானா? நான் எங்கே நிறுத்தினேன்?"

போனை எடுத்து அந்த ஆடியோவைப் போட்டோம். மூன்று பேரும் தலையைக் குனிந்து கேட்டோம். என் குரல் "நான் வரும் வழி நீளம்" என்றது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் நிதானமாக "வந்துவிடுவேன்" என்று வந்தது. எனக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்துவிட்டது. அன்று அடுப்பில் பால் வைத்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே பதிவு செய்தேன். அந்த வரியைச் சொல்லும்போது பால் மேலெழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஓடி, அடுப்பை அணைத்து, நுரை அடங்குகிற வரை பார்த்துவிட்டு, மறுபடி போனை வாயருகே கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

விஜயா சிரித்த சிரிப்பில் புறாவெல்லாம் கூரையிலிருந்து பறந்துவிட்டது. "ஏண்டி, உங்காத்துல பால் பொங்கினதுக்கெல்லாம் இந்தக் கொழந்தை மேடையில நிறுத்திண்டு நிக்கணுமா? நல்ல கூத்து!"

இந்தத் தப்பு நம் தொழிலில் மட்டும்தான் நடக்கும். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கற்றுக்கொள்வதில்லை, நம்மையே கற்றுக்கொள்கிறார்கள். நாம் மூச்சு வாங்குகிற இடத்தில் அவர்களும் வாங்குவார்கள். நமக்கு இருமல் என்றால் பத்துப் பேர் வரிசையாக இருமிக் காட்டுவார்கள். ஆகவே ஆடியோ அனுப்பும்போது முதலில் அடுப்பைப் பாருங்கள்.

நானும் சிரித்துவிட்டு, "அந்த நிறுத்தத்தை எடுத்துடும்மா, அது கவிதையில இல்லை, என் பால்ல இருந்தது" என்றேன். மோனிஷா சிரிக்கவில்லை.

"வேணா மிஸ். அது அங்க கரெக்டாத்தான் இருக்கு."

"எப்படி?"

பாட்டிலை மூடி ஓரமாக வைத்தாள். "எங்க அம்மா டீ டைம்ல போன் பண்ணும் மிஸ். கதவு பூட்னியா, சாப்ட்டியான்னு கேக்கும். நான், எப்பம்மா நீ வருவேன்னு கேப்பேன். உடனே சொல்லாது. யாருனா கஸ்டமர் வந்திருப்பாங்க, போனக் கையால மூடிக்கும். ஒரு சத்தமும் வராது. கட்டாயிடுச்சோன்னு நெனச்சி போனையே பாத்துகினு இருப்பேன். அப்புறமா, 'வந்துகினே இருக்கேன்டி'ன்னு சொல்லும். அது பொய்தான். கடை மூட இன்னும் எவ்ளோ நேரம் கீது. ஆனா அது சொன்னா நல்லாருக்கும் மிஸ்."

விஜயா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நான், "சரி, இருக்கட்டும்" என்றேன்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் விஜயா என்னோடு வாதாடினாள். "நடுவருக்கு இவ அம்மா போன் பண்றது தெரியுமா? மறந்துட்டான்னு நெனச்சுண்டு மார்க்கைக் கொறைச்சுடுவா. நேரக் கணக்கு வேற இருக்கு, மணி அடிச்சுடுவா." அவள் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் மாற்றச் சொல்லவில்லை. அந்த நிறுத்தம் என்னுடையதாக இருந்தால் வெட்டியிருப்பேன். அது இப்போது அவளுடையது. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டி நாள். மயிலாப்பூரிலேயே ஒரு சின்ன அரங்கம், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகவேண்டும். உள்ளே நுழைந்ததும் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். சீட்டில் வரும் எண்தான் மேடையேறும் வரிசை. மோனிஷாவுக்கு ஆரம்பத்திலேயே ஓர் எண் வந்துவிட்டது. அவள் அம்மாவின் சாப்பாட்டு நேரமே அப்போது ஆரம்பித்திருக்காது.

நான் பொறுப்பாளரிடம் போய்க் கடைசிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. "மேடம், ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் வந்து நிப்பாங்க. என்னை மன்னிச்சுடுங்க" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் சண்டையும் போட முடியவில்லை.

மோனிஷா என் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். திருப்பிக் கொடுத்தாள். "சீக்கிரமே கெளம்பிடுச்சாம். பஸ்ல கீது மிஸ். பாண்டி பஜார்லயே நிக்குதாம்." என்னிடம் பேசும்போது எப்போதும் ஒரு படி கவனமாகப் பேசுகிறவள். அன்று வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். அதிலேயே அவள் பதற்றம் தெரிந்தது. அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

போட்டி ஆரம்பித்தது. ஒரே கவிதை, ஒவ்வொருவராக. அன்று அந்த மேடையில் எத்தனை கதவுகள் தாழிடப்பட்டன, எத்தனை ஜன்னல்கள் சாத்தப்பட்டன என்று கேட்காதீர்கள். விளக்கு வந்தபோது ஒரு பையன் சுவிட்சைத் தேடுகிறவன் மாதிரி காற்றைத் துழாவினான். பக்கத்திலிருந்த விஜயாவைப் பார்த்தேன். "என்னைப் பாக்காதே, அவன் என் மாணவன் இல்லை" என்றாள்.

மோனிஷாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கவாட்டில் ஆசிரியர் ஒருவர் தாளோடு நிற்கலாம், தேவையானால் ஒரு முறை எடுத்துக் கொடுக்கலாம், அதற்கு மதிப்பெண் குறையும் என்பது விதி. விஜயா அங்கே போய் நின்றாள். நான் கடைசி வரிசையில், கதவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தேன். நான் தலையை அசைத்தால் மட்டும் எடுத்துக் கொடுப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

அவள் வணக்கம் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். கை இரண்டும் பாட்டில் பிடித்த பழக்கத்தில் முன்னால் கோத்திருந்தது. குரல் உரக்க இல்லை, ஆனால் கடைசி வரிசைக்கு வந்தது. கதவைத் தாழிடச் சொன்னாள். சோறு ஆறினால் ஆறட்டும் என்றாள். விளக்கை அணைக்காதே என்றாள். "நான் வரும் வழி நீளம்."

நிறுத்தினாள்.

எனக்கு அந்த நிறுத்தம் பழக்கமானது. அதன் நீளம் எனக்குத் தெரியும். அந்த நீளம் முடிந்தது, அவள் தொடரவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ செருமினார்கள். நடுவர் ஒருவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். பக்கவாட்டில் விஜயா துடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது: "ஏண்டி, கொழந்தை முழிச்சுண்டு நிக்கறாளே!" என் தலையைப் பார்த்தபடி நின்றாள். நான் ஒரு முறை அசைத்தால் போதும். வரி கிடைத்துவிடும், மதிப்பெண் கொஞ்சம் போகும், மற்றதெல்லாம் காப்பாற்றப்படும். அசைக்காமல் விட்டு, அவள் உண்மையிலேயே மறந்திருந்தால், அழுதுகொண்டே இறங்கிவிடுவாள். அப்படி இறங்கிய பிள்ளைகள் மறுபடி மேடையேறாமலே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

தலையை அசைக்கத்தான் போனேன். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்த பிள்ளையின் கண் அலையும், கூரையைப் பார்க்கும், தரையைப் பார்க்கும். இந்தக் கண் அசையவே இல்லை. எங்கே போயிருக்கிறாள் என்று பார் என்று அந்த மூத்தவர் சொன்னாரே, பார்த்துவிட்டேன். தி. நகரிலிருந்து வருகிற ஒரு பஸ்ஸில் இருந்தாள்.

நானும் திரும்பிக் கதவைப் பார்த்தேன். நடுவர்களும் பார்வையாளர்களும் இருக்கிற அரங்கத்தில் ஒரு ஆசிரியை அப்படித் திரும்பலாமா என்றெல்லாம் தோன்றவில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள்தான் கிடந்தன. நான் மறுபடி மேடையைப் பார்த்து, விஜயாவுக்குத் தெரியும்படி, வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அரங்கம் மொத்தமும் அடங்கிவிட்டது. காற்றைத் துழாவிய பையன்கூட வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் "வந்துவிடுவேன்" என்றாள். கவிதையில் அம்மா மகளுக்குச் சொல்கிற வரி அது. அவள் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்த கண் என்று பிறகு எல்லோரிடமும் சமாளித்தேன். கடைசி வரிகளைச் சொல்லும்போது மணி அடித்துவிட்டார்கள். மணிச் சத்தத்தின் மேலேயே முடித்துவிட்டு இறங்கினாள்.

பரிசு கிடைக்கவில்லை. முடிவை அறிவிக்கும்போது நடுவர் ஒருவர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். மோனிஷாவைப் பற்றி, "நல்ல குரல் வளம். நடுவில் ஒரு வரி மறந்து தடுமாறியது மட்டும்தான் குறை" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்தேவிட்டேன். மோனிஷா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வுடுங்க மிஸ். அவுருக்கு இன்னா தெரியும், பாவம்."

எல்லோரும் கலைந்தார்கள். மைக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மோனிஷா வாசற்படியில் நின்றிருந்தாள். நான் கிளம்பலாம் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்போது தெருமுனையிலிருந்து ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தார். கடையில் கொடுக்கும் சீருடைச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. யாரும் சொல்லாமலேயே யார் என்று தெரிந்தது. மகளின் அதே கண்.

"முடிஞ்சிடுச்சா மிஸ்?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். மகளைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. "மெட்ரோ வேலைன்னு பஸ்ஸ எங்கியோ சுத்தி வுட்டுட்டான் மிஸ். ஆழ்வார்ப்பேட்டையிலயே எறங்கி ஓடியாரேன். போன் பண்ணலாம்னா சார்ஜ் பூடுச்சி. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க."

விஜயாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டி மோனிஷா, மேடை காலியாத்தானே இருக்கு? போ, ஏறு. மைக்கு இல்லேன்னா என்ன, சைக்கிள் ஷெட்டுல மைக்கு வச்சுண்டா கத்துண்டே?"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையை ஆட்டும் கட்சியில் இப்படி ஒரு புத்திசாலியா என்று இருந்தது.

மோனிஷா ஏறினாள். நான் பழக்க தோஷத்தில் கடைசிக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். "வேணா மிஸ், நின்னே பழக்கம்" என்று மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், சேலை எடுக்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்பது போலவே, ஒரு காலை மாற்றி ஒரு கால். நாற்காலி அடுக்கியவர்கள் அடுக்குவதை நிறுத்தினார்கள்.

அவள் தொடங்கினாள். கதவைத் தாழிடு, ஜன்னலைச் சாத்து. அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அந்த இடம் நெருங்கியது. அந்த மௌனத்தை அவள் அம்மா எப்படித் தாங்குவார் என்று எனக்குப் பயமாகவே இருந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. "நான் வரும் வழி நீளம், வந்துவிடுவேன்" என்று ஒரே மூச்சில், ஒரு சிரிப்போடு சொல்லிக் கடந்துவிட்டாள். கவிதை இப்படி முடியும்:

"செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து வராதே.
தூங்குவது போல நடி.
நம்புவது போல நானும் நடிப்பேன்."

அவள் முடித்ததும் அம்மா கை தட்டவில்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு, "அடிப் பாவி, தெனம் நீ முழிச்சிகினுதான் இருக்கியா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். மோனிஷா மேடையிலிருந்து குதித்து இறங்கினாள்.

அனுமதி வாங்கிய நேரம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அம்மா உடனே கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று மோனிஷாவும் செருப்பை மாட்டினாள். அப்போதும் எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய நிறுத்தமாயிற்றே.

"ஏம்மா," என்று கூப்பிட்டேன், "அந்த எடத்துல ஏன் நிறுத்தல?"

அவள் திரும்பி, இது கூடவா புரியவில்லை என்பது போல என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு மிஸ் நிறுத்தணும்? அதான் அம்மா வந்துடுச்சே."